"சுத்த ஈயம்" என்று விற்கும் கட்டிகள்: தூண்டில் குண்டு வார்ப்பவர்கள் கவனம்

காலிமுகத்திடலிலும் முகத்துவாரத்திலும் கரையில் நின்று தூண்டில் போடுகிற ஆக்களுக்கு ஈயக்குண்டு எவ்வளவு வேகமாகத் தீரும் என்று சொல்லத் தேவையில்லை. கல்லுக்குள் சிக்கினால் தங்கூசியோடு போனதுதான். அதனால்தான் பலர் பழைய ஈயம் வாங்கி வீட்டிலேயே வார்க்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பழைய உலோகக் கடையில் "சுத்த ஈயம், குழாய் உருக்கினது" என்று சொல்லித் தகரப் பேணியில் ஊற்றி எடுத்த கட்டிகளைத் தந்தார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 கிலோ. மேற்பக்கம் வழவழப்பு, நகத்தால் கீறினால் கோடு விழுந்தது, கடதாசியில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு. பார்ப்பதற்கு எல்லாம் சரி. உருக்கிய பிறகு அச்சில் ஊற்றினால் குண்டு சுருக்கம் விழுந்து வந்தது, வளையம் வைக்கும் கழுத்துப் பகுதி நிரம்பவே இல்லை. சட்டியின் மேலே கஞ்சி போல ஒரு படை, கரண்டியால் தள்ளினாலும் மறுபடி சேர்ந்துகொண்டது. இது சிங்க், அதாவது துத்தநாகம், கலந்த ஈயத்தின் குணம். அச்சின் சூட்டைக் கூட்டினாலும், மெழுகுதிரிப் புகை பிடித்தாலும் சரிவராது.

மிச்சமிருந்த கட்டி ஒன்றை இரும்பு வாளால் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். வெளியில் அரை அங்குலம் நல்ல ஈயம். உள்ளே வாகனச் சக்கரத்தில் பலன்ஸுக்கு அடிக்கிற சிங்க் துண்டுகள், கிளிப்போடு அப்படியே நெருக்கி அடுக்கியிருந்தன. அறுத்த முகத்தில் ஈயம் படைபடையாக இறுகிய கோடுகள் தெரிந்தன. அதாவது கொஞ்சம் ஊற்றி இறுக விட்டு, மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். ஒரேயடியாக ஊற்றினால் இலேசான சிங்க் மேலே மிதந்து காட்டிக் கொடுத்துவிடும் என்று தெரிந்தவர் செய்த வேலை. ஒரு கட்டியின் அடியில் மணலும் இருந்தது.

கடைக்காரரின் பதில்: "உருக்கின சாமானைத் திருப்பி எடுக்க ஏலாது." அறுத்த கட்டியைக் காட்டியபோது, "எங்களுக்கு வந்த மாதிரித்தான் வித்தனாங்கள்." பில் கேட்டபோதே தராமல் தட்டிக் கழித்த கடை. அப்படியான இடத்தில் ஈயம் வாங்காதீர்கள்.

நகக் கீறல் தோலைத்தான் சோதிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தண்ணீர் சொல்லும். 5 கிலோ வரை நிறுக்கிற சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். கட்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாகத் தாழ்த்துங்கள், அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. தராசு காட்டுகிற கிராம் எண்தான் கட்டியின் கனவளவு, மில்லிலீற்றரில். சுத்த ஈயத்தின் அடர்த்தி 11.34, ஆகவே 2 கிலோ கட்டிக்கு 176 காட்ட வேண்டும். அன்டிமனி என்ற உலோகம் கலந்த பழைய சக்கர ஈயம் என்றால் 182 வரை போகும், அது குண்டுக்கு நல்லது, கொஞ்சம் கடினமாக இருக்கும். 190 தாண்டினால் வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு சிங்க் இருந்தால் 197 வரும். 50 கிராம் மணல் மட்டும் ஒளிந்திருந்தாலே 191. கட்டி 2 கிலோவுக்குக் கூடக் குறைய இருந்தால் அதன் கிராம் எடையை 11.34 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கட்டி வாங்கிச் சோதித்துவிட்டு மிச்சத்துக்குப் போங்கள்.

இதைவிடப் பாதுகாப்பானது, உருக்கிய கட்டியே வாங்காமல் ரயர் கடைகளில் கழற்றிய சக்கரத் துண்டுகளைச் சில்லறையாக வாங்கிப் பொறுக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் ஈய எடைகளுக்குத் தடை, ஆகவே இப்போது வருகிறவற்றில் சிங்கும் இரும்பும் நிறைய. முதுகில் பி.பி என்றிருந்தால் ஈயம், இசட்.என் சிங்க், எஃப்.ஈ இரும்பு. எழுத்தில்லாததைக் கட்டிங் பிளையரால் கடியுங்கள். ஈயத்தில் வாய் இறங்கும், சிங்கில் வழுக்கும். சிமெந்துத் தரையில் போட்டால் ஈயம் மொத்தெனும், சிங்க் கிணுங்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஓடு கழுவ விற்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு, வெளியிடத்தில், கையுறையோடு. சிங்க் உடனே நுரைக்கும்.

ஒன்றிரண்டு தப்பிச் சட்டிக்குள் போனாலும் பரவாயில்லை, வெப்பமானி இருந்தால். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், சிங்குக்கு 419 வேண்டும். சட்டியை 350 இல் வைத்திருந்தால் சிங்க் துண்டு உருகாமல் மிதக்கும், கிளிப்புகளோடு அள்ளி எறியலாம். காஸ் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கஞ்சி கிடைக்கும். அப்படிக் கெட்ட சட்டியை இறுகும் நிலைக்குச் சற்று மேல் வரை மெதுவாக ஆறவிட்டு, மேலே கட்டுகிற படையை அள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி போய்விடும். அரை வீதம் அளவு சிங்க் எப்படியும் உள்ளே நிற்கும். அந்த ஈயத்தைப் பெரிய மொத்தக் குண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய கழுத்துள்ள அச்சுக்கு உதவாது.

பற்றரித் தகட்டைக் கிலோ மலிவு என்று யாராவது நீட்டினால் வேண்டாம். அதில் பாதி அமிலம் ஊறிய பசை. கல்சியம் சேர்த்த தகடுகளின் கசடு ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் போன்ற நச்சு வாயுக்கள் வரக்கூடும். வீட்டு முற்றத்தில் செய்கிற வேலையே இல்லை.

கொழும்பு மழைக்கு இன்னொன்று. வெளியில் கிடந்த குழாய், தகடு மடிப்புகளுக்குள் தண்ணீர் நிற்கும். உருகிய ஈயத்துக்குள் அதைப் போட்டால் தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும், சட்டி முழுவதும் முகத்துக்கு வரும். புதுத் துண்டுகளைச் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டுச் சூடேற்றுங்கள். இரும்புச் சட்டி, அலுமினியம் வேண்டாம், பிறகு சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். மேலே வருகிற கசட்டுத் தூள்தான் உடம்புக்குள் போகிற ஈயம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து மூடியுள்ள பேணியில் போடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கட்டிகளை உருக்காமல் வையுங்கள். ஒன்றைக் கடைக்காரர் முன்னாலேயே அறுக்கச் சொல்லுங்கள், படம் எடுங்கள். பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், அவர்களின் இலக்கம் 1977. பில்லில் "பழைய உலோகம்" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள், "ஈயம்" என்றும் எடையும் எழுதச் சொல்லுங்கள்.