லைஃப்டைம் வாரண்டி என்று விற்கும் டூல் செட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பைக் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் புதிதாகக் கடை போடப் போகும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில், பெரிய வெளிநாட்டு பிராண்ட் பெயர் போட்ட சாக்கெட் செட், ராட்செட் (சாக்கெட்டை போல்ட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருகும் கைப்பிடி), 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை வைக்கக்கூடிய டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்), எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய்க்கு வாங்கினேன். "அண்ணா, லைஃப்டைம் வாரண்டி, உடைஞ்சா கொண்டாங்க, கேள்வியே கேக்காம மாத்தித் தர்றேன்" என்றார் கடைக்காரர். ஜிஎஸ்டி பில்லும் கொடுத்தார். ஆனால் பில்லில் பிராண்ட் பெயர் கிடையாது, மாடல் நம்பர் கிடையாது, "ஹேண்ட் டூல்ஸ் செட் 1" என்று ஒரே வரி. பின்னால் அவர் கைவிரித்ததும் அந்த வரியைக் காட்டித்தான்.

முதலில் போனது ராட்செட். சைலன்சர் போல்ட்டைக் கழற்ற அழுத்தும்போது உள்ளே பல் தாவி, கை நேராக ஃபுட்ரெஸ்டில் போய் இடித்து விரல் முட்டித் தோல் உரிந்துவிட்டது. பின்மூடியைத் திறந்து பார்த்தால், பல்லைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கட்டையின் முனை பொடியாக உதிர்ந்து கிரீஸோடு கலந்து கிடக்கிறது. பெட்டியில் 72 பல் என்று போட்டிருந்தான், எண்ணினால் 45தான். 72 பல் என்றால் 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல் பிடிக்கும், இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில் அதற்காகத்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம். இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: கால் சுற்று திருப்பிக் கிளிக் சத்தத்தை எண்ணுங்கள், 18 வர வேண்டும், 11 வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ராட்செட் கூடப் பரவாயில்லை, டார்க் ரெஞ்ச் செய்ததுதான் பெரிய வேலை. ரெகுலராக வரும் ஒருவருடைய வண்டியில் ஹெட் கவர் போல்ட், 6 எம்எம் மரை, 10 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குகிறேன். கிளிக் வரும் வரும் என்று இழுத்தால் வரவே இல்லை, போல்ட் திடீரென்று லூசாகச் சுற்றுகிறது, கழற்றினால் ஹெட்டில் இருந்த அலுமினிய மரை ஸ்பிரிங் மாதிரி சுருண்டு போல்ட்டோடு வெளியே வருகிறது. லேத் பட்டறையில் ஹீலிகாயில், அதாவது போன மரைக்குப் பதில் கம்பிச்சுருள் மரை, போட்டு, அந்தச் செலவை நானே ஏற்று, வண்டியைக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அதற்கப்புறம் சர்வீஸுக்கு வரவும் இல்லை.

சந்தேகம் தீர ஒரு கேலிபரேஷன் லேபில் கொடுத்துப் பார்த்தேன். 20-இல் வைத்தால் 29-இல்தான் கிளிக் ஆகிறது. இந்த அளவு ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரம் அனுமதிப்பது கூடக் குறைய 4 சதவீதம், அதாவது 20-இல் வைத்தால் 19.2-க்கும் 20.8-க்கும் நடுவே கிளிக் ஆகியாக வேண்டும். நல்ல டார்க் ரெஞ்ச் என்றால் பெட்டிக்குள் அதன் சீரியல் நம்பர் போட்ட கேலிபரேஷன் சான்றிதழ் இருக்கும். அதையும் வருடத்துக்கு ஒரு தடவை, இல்லாவிட்டால் 5,000 தடவை இறுக்கியதும், திரும்பச் சோதிக்க வேண்டும்.

கடைக்குப் போனால் பேச்சே மாறிவிட்டது. ராட்செட் உள்பாகம் தேய்மானப் பொருளாம், டார்க் ரெஞ்சுக்கு வாரண்டியே கிடையாதாம், பில்லில் பிராண்ட் எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்கிறார். பிராண்டின் விநியோகஸ்தருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அந்த மாடல் நம்பரே தங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. அப்பட்டமான டூப்ளிகேட்.

இதைப் படித்துவிட்டு விலை உயர்ந்த டூலே வேஸ்ட் என்று யாரும் நினைக்க வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை. தினமும் கையில் இருக்கும் ராட்செட், 8, 10, 12, 14 சாக்கெட், டார்க் ரெஞ்ச், இவற்றுக்கு நல்ல காசு கொடுக்கலாம், நட்டு முனை மழுங்காமல் இருந்தாலே போட்ட காசு திரும்பிவிடும். மற்றதுக்கு டபாரியா ஸ்பேனர் தாராளமாகப் போதும், என் பட்டறையில் வருஷக்கணக்காக அடி வாங்கிக்கொண்டு இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்னாப்-ஆன் மாதிரி கம்பெனிகளின் வேன் மெக்கானிக் கடை வாசலுக்கே வரும், உடைந்ததை அங்கேயே மாற்றித் தருவார்கள், அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் அங்கே அந்த விலை. என் பட்டறை வாசலுக்கு அப்படி எந்த வேனும் வருவதில்லை. அதனால் வாரண்டியை யார் தருகிறார்கள், கடையா கம்பெனியா, எங்கே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டு, பிராண்ட், மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்களுக்கு ஒன்று. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று கடைக்காரர்கள் சும்மா பயமுறுத்துவார்கள். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான், 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன், லேப் ரிப்போர்ட்டும் விநியோகஸ்தர் பதிலும் கையில் இருக்கிறது, கடைக்காரர் பணத்தைத் தராவிட்டால் ஆணையத்துக்குப் போகிறேன். உடைந்த டூலையும் பெட்டியையும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அங்கே அதுதான் சாட்சி.