புடாபெஸ்ட் ஸேச்செனி பாத்: ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு வொர்த்தா?

புடாபெஸ்ட் பிளான் போடுற ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் வந்து மாட்டிக்கிற எடம் இந்த ஸேச்செனி பாத்துதான், மஞ்ச கலர்ல அரண்மனை மாதிரி கட்டடத்துக்குள்ள சுடுதண்ணி குளம், ஃபோட்டோல பாத்தா போயே ஆகணும்னு இருக்கும், டிக்கெட் வெலைய பாத்தா ஒரு குளியலுக்கு இவ்ளோவான்னு இருக்கும். நான் சொல்றது, போங்க. ஆனா மத்த எண்ட்ரி டிக்கெட்டயெல்லாம் வெட்டிட்டு அந்த காச இதுல போடுங்க. ஏன்னா அந்த ஊர்ல பாக்க வேண்டிய மத்ததெல்லாம் வெளிய நின்னே பாத்துடலாம், தண்ணிய மட்டும்தான் வெளிய நின்னு பாத்து பிரயோஜனம் இல்ல. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், கொறச்ச ஒண்ணு வெலைக்கு.

1913ல தொறந்தது, வெளிய இருக்குற பெரிய குளங்கள் 1927ல சேத்தது. மொத்தம் 18 குளம், அதுல மூணுதான் வெளிய, மிச்சமெல்லாம் உள்ள. தண்ணி பூமிக்கு அடியிலேர்ந்து வருது, பழைய கெணறு 970 மீட்டர் ஆழம், 1930கள்ல போட்ட இன்னொண்ணு 1,200 மீட்டருக்கு மேல. வரும்போதே 74லேர்ந்து 77 டிகிரி, அதாவது இவங்க தண்ணிய காய்ச்சல, ஆறவச்சுதான் நமக்கு குடுக்குறாங்க! இத தெரிஞ்சுக்கிட்டு எறங்குனா டிக்கெட் காசு கொஞ்சம் கம்மியா வலிக்கும்.

வெளிய இருக்குற சூடான குளம் 38 டிகிரி வரைக்கும் போகும். அதனால என் சாய்ஸ் குளிர்காலம்தான், நவம்பர்லேர்ந்து ஃபிப்ரவரி, காலைல சீக்கிரமாவோ இல்ல நல்லா இருட்டுனதுக்கு அப்புறமோ போங்க, வெளிய ஜீரோ கிட்ட இருக்கும்போது கழுத்து வரைக்கும் சூடு தலைக்கு மேல பனிக்காத்து, எதிர்ல நிக்கிற ஆளே ஆவில மறஞ்சு போறான், அந்த ஃபீல் ஜூலைல வராது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செஸ் ஆடுற தாத்தாக்கள் நெஜமாவே இருக்காங்க, டூரிஸ்ட்டுக்காக வச்ச செட்டப் இல்ல, ஆட்டம் நடக்கும்போது பக்கத்துல போய் செல்ஃபி எடுக்காதீங்க ப்ளீஸ். இன்னொரு குளத்துல வட்டமா ஒரு சுழல் இருக்கு, அது ஆன் ஆகும்போது தண்ணி இழுத்துட்டு போகும், அங்க மட்டும் வயசு வித்தியாசமே இல்லாம எல்லாரும் சின்ன பசங்க மாதிரி கத்துறாங்க.

உள்ள இருக்குற குளங்கள் வேற மாதிரி. சின்னது, ஒவ்வொண்ணுலயும் ஒரு டெம்பரேச்சர், சிலதுல லேசா கந்தக வாசன. ஃபோட்டோவுக்கு அழகா இருக்காது, ஆனா சூட்டுலேர்ந்து ஐஸ் மாதிரி இருக்குற தொட்டிக்கு மாறி மாறி போறவங்களுக்கு அதுதான் சொர்க்கம்.

என்ன எடுத்துட்டு போறதுன்னா: டவல் கண்டிப்பா சொந்தமா, செருப்பு தண்ணில போட்டு நடக்குற மாதிரி (தர ஈரம், குளிர்ல வெறுங்கால்ல ஓடுனா தெரியும்), ஸ்விம்வேர் கட்டாயம், ஆணும் பெண்ணும் ஒண்ணாதான் குளிப்பாங்க. நடுவுல இருக்குற நீச்சல் குளத்துல எறங்கணும்னா தலைக்கு கேப் வேணும், மத்ததுக்கு தேவல்ல. நீச்சல் தெரியாதவங்க பயப்பட வேணாம், சூடு குளத்துலயெல்லாம் சும்மா நிக்கலாம். கேபின், லாக்கர்னு ரெண்டு டைப் டிக்கெட் இருக்கும், கேபின் வெல அதிகம், தனியா போற ஸ்டூடன்ட்டுக்கு லாக்கரே போதும், டிரஸ் மாத்த மறைவான ரூம் பொதுவா இருக்கு. கைல ஒரு பேண்ட் கட்டிடுவாங்க, அதுதான் டிக்கெட்டும் லாக்கர் சாவியும். சூடு குளத்துல ஒரே மூச்சா 20 நிமிஷத்துக்கு மேல ஒக்காராதீங்க, தல சுத்தும், நடுநடுவுல எழுந்து வந்து தண்ணி குடிங்க. வீக்கெண்ட்ல கூட்டம் தாங்காது, வீக்டே பாத்துக்கோங்க. சனிக்கிழம நைட் பார்ட்டி தனி டிக்கெட், லேசர் லைட்டும் பீரும் பிடிச்சவங்களுக்கு ஓகே, நெதானமா குளிக்க நெனைக்கிறவங்க அந்தப்பக்கமே போக வேணாம்.

போற வழியே ஒரு தனி ஐட்டம். எம்1 மெட்ரோ, மஞ்ச கலர் குட்டி ரயில், 1896ல ஓட ஆரம்பிச்சது, ஐரோப்பாவோட ரொம்ப பழைய மெட்ரோக்கள்ல ஒண்ணு, இப்ப யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. ஆந்த்ராஷி ரோட்டோட அழக கெடுக்காம மக்கள இந்த பாத் இருக்குற பெரிய பார்க்குக்கு கூட்டிட்டு போகணும்னுதான் ரோட்டுக்கு கீழயே தோண்டி போட்டாங்க, அதனால எஸ்கலேட்டர்லாம் கெடையாது, நாலு படி எறங்குனா பிளாட்ஃபார்ம். ஒரே ஒரு விஷயம், நெறைய ஸ்டேஷன்ல ரெண்டு தெசைக்கும் தனித்தனி வாசல், ரோட்டோட இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணு, எறங்குறதுக்கு முன்னாடியே மெக்ஸிகோயி ஊட்னு (பாத் பக்கம் போற ரயிலோட கடைசி ஸ்டேஷன்) போட்டிருக்கான்னு பாத்துட்டு எறங்குங்க. ஸேச்செனி ஃபுர்தோன்னு ஸ்டேஷன் பேரே பாத் பேர்தான், மேல வந்தா கட்டடம் கண்ணு முன்னாடி நிக்கும்.

24 மணி நேரம், 72 மணி நேரம்னு பாஸ் இருக்கு, மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துக்கும் ஒண்ணு, வாங்குனா அதுக்கப்புறம் எதையும் யோசிக்க வேணாம். சிங்கிள் பேப்பர் டிக்கெட் எடுத்தா மெஷின்ல குத்தியே ஆகணும், கைல டிக்கெட் இருக்கேன்னு சும்மா ஏறுனா செக்கிங்ல ஃபைன்தான், டூரிஸ்ட்னு கதை சொன்னாலும் விடமாட்டாங்க.

பார்லிமென்ட் உள்ள டூர், காசு இருந்தா போங்க, நம்ம மாதிரி ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு ரேட் ஜாஸ்தி. அதுக்கு பதிலா சாயங்காலம் டேன்யூப் ஆத்துக்கு அந்தப்பக்கம் பத்யானி தேர்ங்கிற சதுக்கத்துல போய் நின்னா முழு கட்டடமும் லைட் போட்டு தண்ணில தெரியும், காசே இல்ல. ஒசரம் 96 மீட்டர், செயின்ட் ஸ்டீஃபன் பசிலிக்கா சர்ச்சும் அதே 96, ஹங்கேரிக்காரங்க அந்த எடத்துக்கு வந்ததா சொல்ற 896ம் வருஷத்துக்காக. அங்கேர்ந்து திரும்பி வந்து 2ம் நம்பர் டிராம் ஏறி ஆத்து பக்க சீட்ல ஒக்காந்துடுங்க, போட் க்ரூஸ்ல காட்டுறதுல முக்கால்வாசி இதுலயே வந்துடும். மலை மேல கோட்ட மாதிரி இருக்குற வியூ பாயின்ட், ஃபிஷர்மேன்ஸ் பாஸ்டியன்ல மேல் மாடத்துக்கு மட்டும்தான் டிக்கெட், கீழ் மாடத்துலேர்ந்தே அதே வியூ.

சாப்பாட்டுக்கு லாங்கோஷ். பொரிச்ச மாவு, மேல பூண்டு, புளிச்ச க்ரீம், துருவுன சீஸ், வெஜ்காரங்களுக்கும் பிரச்சன இல்ல, பாத்லேர்ந்து வெளிய வரும்போது எடுக்குற பசிக்கு கரெக்ட். மேல பத்து ஐட்டம் போட்டு டூரிஸ்ட் ரேட் வாங்குறத விட்டுட்டு இந்த சிம்பிள் டைப்ப கேளுங்க.

காசு ஃபோரின்ட்தான், யூரோ நாடு இல்ல. ஏடிஎம்ல ஒங்க கரன்ஸிலயே மாத்தி தரட்டான்னு கேக்கும், வேணாம்னு அமுக்குங்க, அதுல ரேட் மோசம். ஜெர்மனி, ஆஸ்திரியா மாதிரி ஷெங்கன் நாட்டுல படிக்கிறவங்க ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் எடுத்துட்டு போனா போதும், தனி விசா வேணாம். ஃப்ளைட்ல வர்றவங்களுக்கு 100இ பஸ் நேரா சென்ட்டருக்கு போகும், ஆனா அதுக்கு தனி டிக்கெட், 24, 72 மணி நேர பாஸ் செல்லாது. பாஸ் வச்சிருந்தா 200இ பிடிச்சு கோபான்யா கிஷ்பெஷ்ட் ஸ்டேஷன்ல எறங்கி எம்3 மெட்ரோவுக்கு மாறுங்க, கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான்.