கயிறா, கைப்பிடியா, சாவியா? மூன்று உழவு இயந்திரங்களின் முதல் ஐந்து நிமிடம்

பிசானத்துக்கு (மழைக்கால நெல் பருவத்துக்கு) முன்னால் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறனை விசாரிக்கிறார்கள், மானியத்தை விசாரிக்கிறார்கள், தொழியில் (சேற்று வயலில்) இறங்குமா என்று கேட்கிறார்கள். எண்ணெய் (பெட்ரோல், டீசல்) ஊற்றும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் நம் கையும் உடம்பும் எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் தனியாகவே வேலை செய்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி என்பேன். களை எடுக்கும் பெட்ரோல் பவர் வீடர், பின்னால் நடந்தபடி உழும் டீசல் பவர் டில்லர், மினி டிராக்டர் மூன்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

முதலில் எண்ணெய். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். அதன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மடை திறந்த நீர் போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தங்கும். சாய்ப்பில் வைத்த கேன் சரியாக மூடாமல் இருந்தால் ஆவி அடுத்த அறை அடுப்பு வரை போய்ச் சேரும். டீசல் இந்த வகையில் சாது. ஆனாலும் 'டீசல் பற்றாது' என்று நம் பக்கம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தியத் தர அளவுப்படி அதன் தீப்பற்று நிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை அதைத் தாண்டிவிடுகிறது. சூடான என்ஜின் மேல் இருக்கும் டேங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீடரின் டேங்க் சிறியது. பெரும்பாலானவற்றில் மூன்று, மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். அதனால் வேலை நடுவே, சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஊற்ற வேண்டிவருகிறது. டேங்க் என்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் வழிந்த பெட்ரோல் நேராகச் சூட்டின் மேல் இறங்கும். களக்காட்டு வாழைத் தோட்டத்தில் காலடியில் காய்ந்த சருகு வேறு. நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, வெற்றுத் தரைக்குத் தள்ளிவந்து, புனல் வைத்து, விளிம்பு வரை நிரப்பாமல் ஊற்றுங்கள். சூட்டில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். சிந்தியிருந்தால் துடைத்து, காயவிட்டு, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆடிக் காற்று வீசும் நாட்களில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஊற்றினால் தெறிப்பு உங்கள் மேல் வராது. டில்லரில் பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நிரப்பினால் பெரும்பாலும் பொழுதுக்கும் தாங்கும். மினி டிராக்டரும் அப்படித்தான். இருபது லிட்டர் கேனைத் தூக்கிப் பானட்டுக்கு மேல் பிடிப்பது மட்டும் சிரமம், அதற்குக் கைப்பம்பு இருக்கிறது.

வைத்திருப்பதிலும் வேறுபாடு உண்டு. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம். அதுவும் இறுக மூடிய பாத்திரத்தில். உலோகப் பாத்திரம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் கிடையாது. பங்கில் அண்ணாச்சி என்று கெஞ்சி வாங்கிவந்தாலும், பிள்ளைகள் எடுத்துக் குடிக்கும் ஆபத்து அந்த பாட்டிலிலேயே இருக்கிறது. டீசலுக்கு வரம்பு 2,500 லிட்டர். சிறு விவசாயிக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்டார்ட் செய்வதில் கதை திரும்புகிறது. வீடரின் கயிறு எளிது: எண்ணெய்க் குழாயைத் திறந்து, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து, கத்தியை ஓட்டும் கிளட்ச் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்து, இறுக்கம் தெரியும் வரை மெல்ல இழுத்து, பிறகு ஒரே வீச்சு. கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிசானம் முடிந்து அடுத்த கார் நெல் பருவம் வரை சும்மா கிடந்த இயந்திரத்தில். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரிலோ பிளக் ஓட்டையிலோ பெட்ரோலை ஊற்றிக் கயிறு இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முகத்துக்கு எதிரே தீயை வைத்துக்கொள்கிற வேலை அது. சும்மா வைப்பதற்கு முன் குழாயை மூடி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் இந்த நிலை வராது.

கைப்பிடி சுற்றும் டில்லர்தான் மூன்றிலும் கொடியது. என்ஜினுக்குள் அழுத்தம் சேராமல் தடுக்கும் டீகம்ப்ரஷன் லிவரை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றி, வேகம் வந்ததும் லிவரை விட வேண்டும். வேகம் போதாவிட்டால் அழுத்தம் என்ஜினைப் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி மணிக்கட்டை முறிக்கும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றி வளைக்காதீர்கள். கைப்பிடி மாட்டும் பல் தேய்ந்திருந்தால் என்ஜின் பிடித்த பிறகும் அது கழலாமல் சுழலும். சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டி, கழுத்துத் துண்டை எடுத்து வரப்பில் வைத்துவிட்டு நில்லுங்கள். பெல்ட்டுக்குத் துணி கிடைத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

சாவி இருப்பதால் மினி டிராக்டரில் இந்தத் தொல்லை கிடையாது. இருக்கையில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் சாவியைத் திருப்பினால் முடிந்தது. ஆனால் சாவி வேலை செய்யாதபோது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது உயிரை எடுக்கும். கியரில் இருந்தால் வண்டி கிளம்பி நின்றவர் மேலேயே ஏறும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சை அந்தக் குறுக்குவழி கடந்துபோகிறது.

ஆகவே நெல்லுக்கு என் தேர்வு செல்ப் ஸ்டார்ட் உள்ள டீசல் டில்லர். கைப்பிடி மட்டும் உள்ளதைவிட விலை கூடினாலும் கொடுங்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். வாழைக்கும் காய்கறிக்கும் வீடர் போதும்; வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கும் வைக்கோல் படப்புக்கும் தள்ளி, பெட்ரோல் வைக்க இடம் இருந்தால் மட்டும். ஐந்து ஏக்கருக்குக் கீழே மினி டிராக்டர் வாங்குவதைவிட, வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைச் சேவையில் தேவைப்படும்போது எடுப்பது நல்லது. எண்ணெய் ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும் அதில் பழகிய ஓட்டுநரின் பொறுப்பாகிவிடுகிறது.