குரூப் 4-ஆ, பேங்க் கிளார்க்கா?

ஒன்று தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வு, மற்றது பொதுத்துறை வங்கிகளுக்கு ஆளெடுக்கும் ஐபிபிஎஸ் தேர்வு. டிகிரி முடித்த பலர் இரண்டுக்கும் சேர்த்துப் படித்து, இரண்டிலும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறார்கள். பாடத்திட்டம் ஒத்துப்போவது பெரும்பாலும் கணக்கில்தான், அதுவும் பாதிதான்.

தகுதி: குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஐபிபிஎஸ் கிளார்க்குக்கு டிகிரி, பொதுப் பிரிவுக்கு வயது 20 முதல் 28.

தேர்வு: குரூப் 4 ஒரே தாள். 3 மணி நேரம், 200 கேள்விகள், அதில் 100 தமிழ். தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பேங்கில் பிரிலிம்ஸ், பிறகு மெயின்ஸ். பிரிலிம்ஸில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள், ஒரு பகுதிக்கு 20 நிமிடம்தான்.

தப்பான விடை: குரூப் 4-இல் மைனஸ் இல்லை, ஆனால் தெரியாத கேள்விக்கு விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கான E வட்டத்தை நிரப்ப மறந்துவிடாதீர்கள். பேங்கில் கால் மதிப்பெண் போகும். ஊகித்தே பழகியவர்கள் கவிழ்வது இங்கேதான்.

தொடக்க அடிப்படைச் சம்பளம்: குரூப் 4-இல் வரும் இளநிலை உதவியாளருக்கு 19,500 ரூபாய், பேங்க் கிளார்க்குக்கு 24,050 ரூபாய்.

வேலை: குரூப் 4-இல் கோப்பும் மனுவும். பேங்கில் கேஷ் கவுண்டர். மாலையில் கணக்கு இடித்தால் அது சரியாகும்வரை கிளம்ப முடியாது.

குழப்பம் தீரவில்லையென்றால் இரண்டிலும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சலிக்காதவருக்குக் குரூப் 4. ஒரு கணக்கை 35 நொடியில் முடிப்பவர், ஆங்கிலப் பத்தியைப் பார்த்துத் தயங்காதவர் பேங்க் பக்கம் போகலாம். 27 வயதாகிவிட்டதா? பேங்கை முதலில் எழுதுங்கள், குரூப் 4 காத்திருக்கும்.