டைமருக்கு எந்தப் பூட்டு: பிஹெச்சா, ஐஆர்க்யூசேவா?

கோயம்புத்தூரில் பம்ப் கண்ட்ரோலருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் தம்பி ஒருவர் கேட்டார்: "டைமர் கால்பேக்கும் மத்த கோடும் ஒரே கவுண்டரைத் தொடுதுங்ணா, எந்த ஸ்பின்லாக் போடறதுங்க?"

கால்பேக் என்பது நேரம் வந்ததும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அழைக்கும் ஃபங்க்ஷன்; ஸ்பின்லாக் என்பது கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு. வெறும் ஸ்பின்லாக் போட்டால் மாட்டிக்கொள்வோம். பூட்டைப் பிடித்திருக்கும் அதே சிபியூவில் கால்பேக் குறுக்கிட்டால், அது பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும்; பிடித்தவனோ நகரவே முடியாது.

பாதுகாப்பு: சாதாரண கர்னலில் டைமர் கால்பேக் ஓடுவது சாஃப்ட்ஐஆர்க்யூவில், அதாவது ஹார்டுவேர் இன்டரப்டுக்குப் (சாதனம் சிபியூவை இடைமறிக்கும் சைகை) பிறகு என்று கர்னல் தள்ளிவைத்து ஓட்டும் வேலையில். பிஹெச் (spin_lock_bh) என்ற ஸ்பின்லாக் வகை அதை மட்டும் தடுக்கும். ஐஆர்க்யூசேவ் (spin_lock_irqsave) வகை அந்த சிபியூவின் ஹார்டுவேர் இன்டரப்டையும் நிறுத்தும்.

செலவு: பிஹெச் லேசு. ஐஆர்க்யூசேவ் நீண்டால் மற்ற இன்டரப்டுகள் காத்துக் கிடக்கும்.

டைமர் மட்டும் என்றால் பிஹெச் போதும். சென்சாரின் இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே கவுண்டரைத் தொட்டால் ஐஆர்க்யூசேவ்தான். மியூடெக்ஸா (காத்திருக்கும்போது தூங்க வைக்கும் பூட்டு)? கால்பேக் தூங்கக் கூடாது, அந்தப் பேச்சே வேண்டாம்.