பர்மா தேக்கு ஊஞ்சல் என்று சொல்லி விற்றார்கள்: வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

செட்டிநாட்டுப் பழைய மரம், கையால் செதுக்கியது என்று சொல்லி விற்கும் ஊஞ்சலோ கதவோ வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். எனக்கு 1,35,000 ரூபாய் போயிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. முடியும்வரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அம்மா பிறந்த வீடு தேவகோட்டைப் பக்கம். அந்த வீட்டைப் பிரித்து விற்றபோது ஊஞ்சல் பலகை மரக்காரரோடு போய்விட்டது. பித்தளைச் சங்கிலியை மட்டும் அம்மா பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவந்து இத்தனை வருஷம் பீரோவுக்கு மேல் வைத்திருந்தார். இப்போது 74 வயது. நாங்கள் கோயம்புத்தூரில் வீடு கட்டியதும், கூடத்தில் அந்தச் சங்கிலியை மாட்டி ஓர் ஊஞ்சல் போட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

கடை காரைக்குடியில் இல்லை. செட்டிநாட்டின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அவர்களை இதில் சேர்த்துவிடாதீர்கள். நான் போன இடத்தில் முன்னால் ஒரு ஊஞ்சல் தொங்கியது, அருமையான பலகை. ரங்கூனில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்கு, வீடு இடித்தபோது எடுத்தது, 120 வருஷப் பழசு, இதே மரத்தில் உங்களுக்கும் செய்து தருகிறோம் என்றார்கள். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்ததும், அங்கிருந்து வந்த தேக்கில் அந்த வீடுகளின் தூணும் நிலையும் எழும்பியதும், 1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அந்தச் செல்வம் சரிந்ததும், பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டதும் எல்லாம் உண்மை. உண்மையான கதையைச் சொன்னதால் மரமும் உண்மை என்று நம்பிவிட்டேன்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம். சாய்மானத்தில் நடுவே கஜலட்சுமி, இருபுறமும் யாளி. முன்பணம் 80,000. இரண்டு மாதம் கழித்து வண்டியில் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கினார்கள். கனமாக இருந்ததால் நல்ல மரம் என்று நினைத்து மீதியையும் அனுப்பினேன். கனத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தேக்குக்கு நெருக்கமான எடையில் எத்தனையோ மரங்கள் இருக்கின்றன.

மூன்றாவது மாதம் ஊஞ்சலுக்கு அடியில் தினமும் காலையில் கோலமாவு சிந்தியதுபோல ஒரு கோடு. பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது, அந்தத் தூசு என்று அம்மா பெருக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் நான் விரலில் எடுத்துத் தேய்த்தேன். மண் நெருடவே இல்லை, மைதா போல வழுவழுவென்று இருந்தது. பலகையின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாக ஓட்டைகள். எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சங்கிலிக் கொக்கி மாட்டும் துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் விரிசல். அப்போது அம்மா அதில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கேட்டு இறங்கினாராம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

எங்கள் வீட்டு மரவேலை செய்த ஆசாரி வந்தார். பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் இழைப்புளியால் ஒரே ஒரு இழுப்பு. சுருளை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தேக்குன்னா எண்ணெய் வாசம் தூக்கும் தம்பி. இதுல என்ன வருது?" ஒன்றும் வரவில்லை. பாலிஷ் போன இடத்தில் மரம் வெளிறிக் கிடந்தது. மாமரம், நடுவில் முற்றி வைரம் பாய்ந்த பகுதி கொஞ்சம், மற்றதெல்லாம் வைரம் பாயாத வெளிப்பகுதியான வெள்ளை என்றார். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், இப்படி ஓட்டை போட்டு மரத்தை மாவாக்கும் வண்டு அதைத் தின்னத்தான் வரும். முற்றிய தேக்கு வைரத்தை அது சீண்டாது.

அப்புறம் யாளியைக் காட்டினார். இடது யாளியும் வலது யாளியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரு மயிரிழை மாறாமல் இருந்தன. கையால் செதுக்கினால் ஒன்றின் பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஒன்றின் பிடரி ஒரு சுருள் கூடும். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவச் சொன்னார். சீப்பு இழுத்ததுபோல ஒரே சீராகக் கோடுகள். உள்மூலைகள் எல்லாம் உருண்டையாக இருந்தன. இயந்திரத்தின் சுழலும் முனை அப்படித்தான் வெட்டும், கூர்மையான மூலைக்கு உளி இறங்க வேண்டும். கணினி சொல்கிறபடி தானாக வெட்டும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டிய தகட்டைச் சாய்மானத்தில் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய ஆணித் துளை என்று காட்டியவை டிரில் போட்டுக் கறுப்பு அடைத்தவை. நிஜமாகவே இரும்பு ஆணி பல வருஷம் இருந்த இடத்தில் கறுப்புக் கறை மரத்துக்குள் ஊறி, சுற்றிலும் படர்ந்திருக்கும். இங்கே துளையைத் தாண்டி ஒரு பொட்டுக் கறை இல்லை.

மாமரத்தில் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில்தான் சிற்பம் செதுக்குகிறார்கள். என்ன மரம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். 2020இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. இயந்திரத்தில் வெட்டியதை இயந்திர வேலை என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் அதுவும் நேர்மையான வியாபாரம்தான். ஒரு யாளிக்கு நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து உளி பிடிக்கிறவரின் கூலியை, உளியே பிடிக்காத ஒருவர் வாங்கிக்கொண்டு போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "மரம்னா உளுக்கத்தானே சார் செய்யும், மருந்து அடிங்க" என்றார்கள். போட்டோ அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது ரசீதை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "மர ஊஞ்சல் - 1". தேக்கு என்ற சொல்லே இல்லை. மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்திருந்தது, வரி எண் இல்லை. தேக்கு என்று நாங்கள் எங்கே எழுதிக் கொடுத்தோம் என்று கேட்டார்கள்.

என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப்தான். முன்பணம் கேட்ட செய்தியில் "பழைய பர்மா தேக்கு, முழுக்கக் கைவேலை" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதையும் வங்கிப் பரிமாற்றத்தையும் வைத்துத்தான் வழக்கு. நீங்கள் வாங்கினால் மரத்தின் பெயர், பழையதா புதியதா, கைவேலையா இயந்திரமா, எத்தனை கன அடி, இவ்வளவையும் ரசீதில் எழுத வையுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பாலிஷ் போடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். கூட ஓர் ஆசாரியை அழைத்துப் போங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் லாபம்தான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்று சொல்லி விற்கிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது. நான் இதைக் கேட்டிருந்தால் அந்த 120 வருஷக் கதை அங்கேயே நின்றிருக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உளுத்த பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எங்கள் ஊஞ்சல் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

ஆசாரி வேங்கையில் ஒரு வெறும் பலகை இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். யாளி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பலகை வரும்வரை சங்கிலி மட்டும் கூடத்தில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்.