சீயர் எக்ஸ்ப்ளோரர்: எலும்புப் புற்றுநோய்ப் போக்கைப் பார்க்க உதவுமா?

சீயர் எக்ஸ்ப்ளோரர் (SEER*Explorer) என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களைக் காட்டும் இலவச இணையக் கருவி. தளத்தில் 'எலும்பும் மூட்டும்' என்பதைத் தேர்ந்து, நீண்டகாலப் போக்கைச் சொடுக்கினால் 1975 முதலான வரைபடம் வரும். புதிய நோயாளிகள் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர்தான்.

சிக்கல் அங்கேதான். எண்ணிக்கை சிறிது என்பதால் ஆண்டுப் புள்ளிகள் மேலும் கீழுமாகத் துள்ளும். ஒரே ஆண்டின் ஏற்றத்தைப் பார்த்துப் பதறாமல், ஜாயின்பாயின்ட் கோட்டையும் (போக்கு எங்கே திசை மாறுகிறது என்று காட்டும் கோடு) நம்பக இடைவெளியையும் (உண்மையான அளவு இருக்கக்கூடிய வரம்பு) பாருங்கள். இனம், வயது, பாலினம் என்று ஒரேயடியாகப் பிரித்தால் 16க்கும் குறைவான நோயாளிகள் உள்ள கட்டங்கள் காலியாகிவிடும். 2020இன் சரிவு நோய் குறைந்ததல்ல. கொரோனாவால் பரிசோதனைகள் தள்ளிப்போனதன் விளைவு.

மார்பகத்திலிருந்தோ நுரையீரலிலிருந்தோ எலும்புக்குப் பரவியவை இந்தக் கணக்கில் வராது. அது சரியான முடிவு. ஆனால் பதின்வயதினரை அதிகம் தாக்கும் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றையும் பெரியவர்களுக்கு வரும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றையும் இந்தப் பிரிவு ஒரே கோட்டில் கலந்துவிடுகிறது. பெரிய குறை இதுதான். திசுவகைப்படி விரிவாகப் பிரிக்க அதே நிறுவனத்தின் சீயர்ஸ்டாட் (SEER*Stat) மென்பொருள் உதவும், அதன் தரவுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.